வெள்ளிக்கிழமை மதியம் பூட்டிய வீடு

சென்ற தீபாவளியன்று அமெரிக்காவில் எங்கள் குடியிருப்பில் இரண்டு வீடுகளில் திருட்டுப் போயிற்று. எல்லோரும் பட்டுடுத்திக்கொண்டு பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில் நடந்த விழாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார்கள். கழுத்தில் போட்டுக்கொண்டு போன நகைகள் தப்பின. அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனவை போயின. "இதுக்குத்தான் நான் எல்லாத்தையும் போட்டுக்கறேன்" என்றாள் என் மனைவி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் கூட்டம் போட்டார்கள். முதலில் சமோசா, பிறகு டீ, பிறகு பயம். எல்லா வாசலிலும் கேமரா வைக்க வேண்டும். சந்தேகப்படும்படி யாராவது தென்பட்டால் படத்தை உடனே வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஊருக்குப் போவதை ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது. இப்படிச் சில முடிவுகள். கூட்டத்தை நடத்தியவர் அந்த வீட்டுக்காரர், குழுவின் அட்மின், பிரின்ஸ்டன் ஜங்ஷனில் தினம் ரயிலேறி நியூயார்க்கில் வேலைக்குப் போகிற பையன். நாற்பது வயதுக்காரரைப் பையன் என்று சொல்கிற வயது எனக்கு வந்துவிட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். "அங்கிள், நீங்க இந்தோனேசியால ஏதோ வில்லேஜ்ல இருந்தீங்கன்னு ஆன்ட்டி சொன்னாங்க. அங்கெல்லாம் சேஃப்டி எப்படி மேனேஜ் பண்ணாங்க? கேமரா இருக்காதே?"

"கேமரா இல்லப்பா. ஆளுக்கு ரெண்டு கண்ணு இருந்துச்சு" என்றேன். சிரித்தார்கள். சிரித்ததனால் சொல்ல ஆரம்பித்தேன்.

நான் திண்டுக்கல்காரன். பிழைப்பு நூற்பாலையில். மனைவி சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த நாட்களில் எனக்கு மத்திய ஜாவாவில் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. மில்காரர்கள் தங்க இடமும் மெஸ் சாப்பாடும் கொடுத்தார்கள். அந்த மெஸ் குழம்பை ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிட்டால் கடவுள் நம்பிக்கை போய்விடும். நானே பொங்கித் தின்றுகொள்கிறேன் என்று பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். வயலுக்கு நடுவே கொஞ்சம் ஓட்டு வீடுகள், ஒரு மசூதி, ஒரு பஜ்ஜிக் கடை, வாய்க்கால். அழகான ஊர் என்று போய்ப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். குடியிருந்தவனுக்குக் கொசுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

புறப்படும்போது என் மாமனார் ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். மாங்காய்ப் பூட்டு என்போமே, அது. உள்ளங்கை நிறைய இருக்கும். மகளைக் கட்டிக் கொடுத்தபோது காட்டாத தாராளத்தை அந்தப் பூட்டில் காட்டியிருந்தார். எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த மில் ஆள் ஜன்னல்களுக்குக் கம்பியும் இருந்த ஒரே கதவுக்கு வெளிப்பக்கம் நாதாங்கியும் போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் பூட்டை மாட்டினேன்.

ஊரில் அது பெரிய பேச்சாகிவிட்டது. அங்கே வெளியே போகிறவர்கள் வீட்டைப் பூட்டுவதில்லை, ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அதற்கென்று ஒரு முறை இருந்தது. வாசலில் நின்று பக்கத்து வீட்டைப் பார்த்து, எங்கே போகிறேன், எப்போது வருவேன், வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சரி என்றதும் பொறுப்பு அவருடையது. திரும்பி வரும்போது ஒரு பொட்டலம் தின்பண்டம் கொண்டுவந்து கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். சொல்லாமல் பூட்டிக்கொண்டு போகிறவன் ஊரைச் சந்தேகப்படுகிறவன்.

இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் பஜ்ஜிக் கடைக்காரம்மா. பத்துப் பதினைந்து வீடுகளுக்கு ஒரு தலைவர் என்று அங்கே உண்டு. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. அப்படி எங்கள் வட்டத்துத் தலைவருடைய மனைவி அவர். எல்லோரும் அவரை இபு என்று கூப்பிட்டார்கள். அம்மா என்று அர்த்தம். என்னைவிட மூத்தவராக இருக்க மாட்டார். நானும் இபு என்றே கூப்பிட்டேன். அவர்கள் எல்லோருக்கும் நான் மிஸ்டர். அவர்கள் பேசியதை என் அரைகுறை இந்தோனேசியத்தில் புரிந்துகொண்டபடி நம் பேச்சில் சொல்கிறேன்.

"யாருக்குப் பயந்து பூட்டுறீங்க மிஸ்டர்? எனக்கா?" என்று வாழைப்பழ பஜ்ஜியை எண்ணெயில் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"பழக்கம் இபு" என்றேன்.

"கெட்ட பழக்கம்."

நான் விடவில்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று எனக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள்தான். ஆனால் வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் நான் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று தெருவுக்கு அறிவிக்க எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஊரில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. நான் ரசம் வைத்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். விருந்தாளி வந்தால் தலைவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பாதுகாப்பான ஊரில் இருப்பதற்கு அதுதான் வாடகை, எனக்கு அது அதிகமாகப் பட்டது.

திருட்டே இல்லாத ஊர் என்றும் நினைத்துவிட வேண்டாம். முச்சந்தியில் ஒரு காவல் குடிசை, அதில் குடைந்த மரக்கட்டை ஒன்று தொங்கும். சாவுக்கு ஒரு தாளம், தீக்கு ஒரு தாளம். இரண்டிரண்டாக அடித்தால் திருடன். அதைக் கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடி வர வேண்டும். மாட்டிக்கொண்டவன் பிழைப்பது அபூர்வம் என்று மில்லில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம்ம ஊரில் மட்டும் என்ன, கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறவர்கள்தானே என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மில்லில் மதிய இடைவேளை நீளம். ஆண்கள் எல்லோரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள்; நான் வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன். அந்த ஒரு மணி நேரம் ஊரிலேயே ஆம்பிளை என்று இருந்தவன் நான் ஒருவன்தான். இது எனக்குத் தெரிந்ததைவிட அந்தத் திருடனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். கட்டை இரண்டிரண்டாக அடித்தது. எச்சில் கையோடு வெளியே வந்தேன்.

எதிர் வீட்டுக் காய்கறிக்காரருடைய மோட்டார் சைக்கிளை அவன் தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பியிருக்கிறான். காய்கறிக்காரர் மனைவி பின்னால் இருந்த கூடைக் கம்பியைப் பிடித்தவர் விடவே இல்லை. முழங்கால் தேய வாய்க்கால் வரை இழுபட்டுப் போயிருக்கிறார். வண்டி சரிந்து சேற்றில் கிடந்தது. சுற்றிலும் பெண்கள், கரண்டி, விளக்குமாறு, உலக்கை. நடுவே அவன் உட்கார்ந்திருந்தான். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் ரத்தம். வேற்றூர்க்காரன். பெண்கள் அவனைத் திட்டினார்கள், விளக்குமாறால் சாத்தினார்கள். அதோடு சரி. யாரும் உலக்கையை ஓங்கவில்லை.

மசூதி ஒலிபெருக்கியில் தொழுகை நடந்துகொண்டிருந்தது. கட்டைச் சத்தம் உள்ளேயும் கேட்டிருக்கும். நடுவில் எழுந்து வர முடியாது. முடிந்ததும் வருவார்கள். இபு தலையைச் சாய்த்து அந்த ஒலியைக் கேட்டார். பால் பொங்கப்போகிறதா என்று பார்க்கிற முகம். பிறகு என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர், பூட்டு எங்கே?"

எனக்கு விளங்கவில்லை. சாவியோடு கதவில்தான் தொங்குகிறது என்றேன். அவர் அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, என் வீட்டுக்குள் தள்ளினார். "நீங்களும் உள்ள போங்க. இவன் ஓட்டைப் பிரிச்சு ஓடாமப் பார்த்துக்குங்க." நான் ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னால் போவோமே, அப்படிப் போனேன். கதவு சாத்தும் சத்தம், நாதாங்கி விழும் சத்தம், பிறகு என் மாமனாருடைய பூட்டு விழும் சத்தம். சாவியை அவர் எடுத்துக்கொண்டார்.

ஜன்னல் கம்பி வழியே பார்த்தேன். ஆண்கள் வந்தார்கள். என்னோடு தினம் தேநீர் குடிக்கிறவர்கள், என் ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு மூக்கைச் சிந்தியவர்கள். இப்போது ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் அதேதான், ஆள் வேறாக இருந்தார்கள். ஒருவர் சாலையோரக் கடையிலிருந்து பெட்ரோல் பாட்டிலோடு வந்தார். அங்கே பெட்ரோலைப் பாட்டிலில் விற்பார்கள். அதைப் பார்த்ததும் தண்ணீர்க் குடத்தைக் கதவருகே இழுத்து வைத்தேன். அவனை நினைத்து அல்ல, ஓட்டு வீட்டுக்குள் பூட்டிக் கிடக்கும் என்னை நினைத்து. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"மிஸ்டர், சாவியைக் குடுங்க. இது உங்க விவகாரம் இல்ல" என்றார் தலைவர், இபுவின் புருஷன்.

"சாவி எங்கிட்ட இல்லை" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் உண்மை பேசியதில்லை.

இபு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். சாவி ரவிக்கைக்குள் போய்விட்டது. அதை எடுக்க அந்த ஊரில் எந்த ஆணுக்கும் கை வராது. "போலீஸுக்கு ஆள் அனுப்பியிருக்கேன். அவங்க வரட்டும், சாவி வரும்" என்றார். புருஷன் கத்தினார். ஊர் முன்னால் மானம் போகிறது என்றார். "போகட்டும்" என்றார் இபு.

காய்கறிக்காரர்தான் எல்லோரையும்விட மூர்க்கமாக இருந்தார். அவருக்கு அந்த வண்டிதான் கடை, அதுதான் சோறு. "என் பெண்டாட்டி காலைப் பாருங்கடா" என்று கதவை உதைத்தார். மரம் அதிர்ந்தது. உள்ளே அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "திறக்காதீங்க, பாக், திறக்காதீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். பாக் என்றால் ஐயா. திறக்க முடியாது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. தண்ணீர் கொடுத்தேன், பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டான். தனக்குக் குழந்தை இருப்பதாக வெளியே கேட்கும்படி சொன்னான். எல்லாத் திருடனுக்கும் அந்த நேரத்தில் குழந்தை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் மேல் எனக்குப் பாசம் வரவில்லை. சாகக் கூடாது என்று மட்டும் இருந்தது. என் வீட்டில் சாகக் கூடாது என்று தொடங்கிய எண்ணம், கொஞ்ச நேரத்தில் எங்கேயும் சாகக் கூடாது என்று ஆகியிருந்தது.

அப்போது காய்கறிக்காரர் மனைவி நொண்டிக்கொண்டே வந்து இபுவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். முழங்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கருணையால் என்று நினைத்தேன். அவர் புருஷனைப் பார்த்துச் சொன்னது வேறு. "இவன் செத்தா கேஸ் முடியற வரைக்கும் வண்டி ஸ்டேஷன்ல நிக்கும். நீயும் உள்ள இருப்ப. நான் காய்கறியைத் தலையில சுமந்து விக்கவா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பெட்ரோல் பாட்டில்காரர் பாட்டிலைக் கீழே வைத்தார். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக வந்து படியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காய்கறிக்காரர் இன்னும் இரண்டு உதை உதைத்தார், கதவை அல்ல, சுவரை. பிறகு கால் வலித்திருக்க வேண்டும், நிறுத்திவிட்டார். பக்கத்து டவுனிலிருந்து போலீஸ் வண்டி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இபு எழுந்து திரும்பி நின்று சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். அவன் தன் காலாலேயே நடந்து வண்டியில் ஏறினான்.

கொஞ்ச காலம் ஆண்கள் என்னோடு தேநீர் குடிக்கவில்லை. பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான். அகப்பட்டவனை நான் ஒளித்து வைத்தேன் என்று பேச்சு. நான் ஒளிக்கவில்லை, என்னையும் சேர்த்து ஒளித்தார்கள் என்று யாரிடம் சொல்வது. பிறகு ஒரு நாள் காய்கறிக்காரர் வாசலில் கத்தரிக்காய் வைத்துவிட்டுப் போனார். அதோடு சரியாயிற்று.

மனைவிக்கு அமெரிக்காவில் வேலை அமைந்து, நான் மில்லை விட்டுப் புறப்படத் தயாரான சமயம் அந்தச் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் காய்கறிக்காரர்தான். சந்தையில் கேள்விப்பட்டாராம். அதே ஆள் ஜெயிலிலிருந்து வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் மறுபடி ஒரு மோட்டார் சைக்கிளில் கை வைத்திருக்கிறான். பிடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வரைகூடப் போகவில்லை. அன்று என் கதவை உடைக்கப் பார்த்தவர், இதைச் சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கவும் தோன்றாமல் நின்றார். "நிஜமாவே ஒரு குழந்தை இருந்துச்சாம்" என்றார்.

ஏதாவது சொல்வார் என்று இபுவிடம் போனேன். அவர் மாவைக் கலந்துகொண்டிருந்தார்.

"எப்போ பிடிச்சாங்களாம்?" என்றார்.

"ராத்திரியாம்."

"அப்போ ஆம்பிளைங்க முதல்ல வந்து சேர்ந்திருப்பாங்க" என்றார். எங்கள் ஊர் நல்ல ஊர், அந்த ஊர் கெட்ட ஊர் என்று நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்தது அத்தோடு முடிந்தது.

பேஸ்மென்ட்டில் நான் சொல்லி முடித்தபோது சமோசா ஆறிப்போயிருந்தது. "ஓ காட், லா அண்ட் ஆர்டர் ரொம்ப மோசம் போல" என்றார் அட்மின். ஒரு பெண்மணி அந்தப் பூட்டு இப்போது ஆன்லைனில் கிடைக்குமா என்று கேட்டார். நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: குழுவில் யாருடைய படமாவது வந்தால், பக்கத்தில் இருக்கிறவர் ஒருவர் முதலில் போய் யார் என்னவென்று கேட்கலாமே. "நோ நோ அங்கிள், அது சேஃப் இல்ல. நாம எங்கேஜ் பண்ணவே கூடாது" என்றார் அட்மின். எல்லோரும் தலையாட்டினார்கள். ஊதுகிற சங்கை ஊதிவிட்டு நானும் வீட்டுக்கு வந்தேன்.

குளிர்காலம் தொடங்கிய பிறகு ஒரு பகல். குழுவில் படம் வந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கறுப்பு ஜாக்கெட், முகம் முழுக்க மூடிய ஒரு ஆள், கதவுப் பூட்டில் எண்களைத் தட்டிப் பார்க்கிறான். ஆபீஸுக்குப் போயிருந்த வீட்டுக்காரர் அனுப்பியிருந்தார். மாஸ்க், பிரேக்-இன் என்று ஒருவர் எழுத, இன்னொருவர் நம் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரம் என்று எழுதினார். "911 கால் பண்ணிட்டேன். கன் இருக்கலாம்னு சொல்லியிருக்கேன். யாரும் வெளிய போகாதீங்க" என்று அட்மின் நியூயார்க்கிலிருந்து எழுதினார்.

நான் ஷூவைத் தேடினேன்.

"எங்க போறீங்க? போலீஸ் வருமே" என்றாள் மனைவி.

"அதான், அவங்க வர்றதுக்குள்ள" என்றேன். யாரென்று அடையாளம் தெரிந்து போனேன் என்று சொன்னால் பொய். அந்தச் சின்னப் படத்தில், கண்ணாடி இல்லாத என் கண்ணுக்குக் கறுப்புதான் தெரிந்தது. நடந்தேன், திருப்பத்திலிருந்து ஓடினேன். பயமாகத்தான் இருந்தது.

வாசலில் நின்றவர் திரும்பினார். மங்கி கேப். கண்ணும் மூக்கும் தவிர எல்லாம் மூடி, அதற்கு மேல் மகனுடைய ஜாக்கெட். இங்கே எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரு தெரு தள்ளி வந்து, வேறு வீட்டுக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"தமிழாங்க? நல்ல வேளை. பையன் சொன்ன நம்பரைத்தான் அடிக்கறேன், திறக்க மாட்டேங்குது. காத்தாட நடந்துட்டு வரலாம்னு வந்தேன்" என்றார். "பையன் ஆபீஸ் போயிட்டான், நியூயார்க்குல. இங்க குரூப்புக்கெல்லாம் அவன்தான் தலைவர்."

போலீஸ் கார் சத்தமில்லாமல் தெருவுக்குள் திரும்பியது. நான் அவருடைய குல்லாவை மெதுவாக மேலே தூக்கிவிட்டேன். நரைமுடியும் விபூதியும் தெரிந்தன. அவருடைய கைகள் இரண்டும் ஜாக்கெட் பைக்குள் இருந்தன. வெளியே எடுக்கச் சொல்லி, அவற்றை என் கைக்குள் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தன. காரிலிருந்து இறங்கியவர் எங்களைப் பார்த்து, இடுப்பருகே வைத்த கையை எடுக்காமல், அங்கேயே நின்று என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் சத்தமாகப் பதில் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கையை விடவில்லை.

"எதுக்குங்க போலீஸ் வந்திருக்கு?" என்று பெரியவர் என் காதோரம் கேட்டார். "யாரு கூப்பிட்டது?"

"தெரியலைங்க" என்றேன்.